மூன்று மணிச் சீட்டு

1988 நவம்பர் 16, புதன்கிழமை, மாலை 3.40. பழவேற்காடு முகத்துவாரத்தில் கோதண்டத்தின் படகு மணல்திட்டில் ஏறி, பலகை பிளந்தது. கோதண்டத்துக்கு இடது கால் முறிந்தது. எந்தப் பக்கம் ஆழம் என்று சொல்லும் சீட்டு, மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் வாசிக்க, மூன்று மணிக்கே கோட்டைக்குப்பம் போயிருக்க வேண்டும். போனபோது மணி நான்கு இருபது.

ஆக, திருடு போனது நேரம். திருடியவர் யார் என்பதில் முகத்துவார அளவை நிலையத்தின் பொறுப்பாளர் தாமோதரனுக்குச் சந்தேகமே இல்லை. அன்று மாலையே கோட்டைக்குப்பம் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்: "ஆபரேட்டர் ஜொஹரா மெஷின் முன்னாடி தூங்கிட்டாங்க."

வியாழன், காலை 10.15. ஜொஹராவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் தயார். கையெழுத்துதான் பாக்கி.

தாமோதரன் பொல்லாதவர் இல்லை. எளாவூர்ப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். பக்தி உண்டு, முன்கோபம் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு. சீட்டுக் கணக்கைப் போடும் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிய இஞ்சினியர் அப்துல் ஷுக்கூர் போன சனிக்கிழமை மெட்ராஸுக்கு மாற்றலாகிப் போனார். திங்கள் முதல் சாவி தாமோதரனிடம். தினமும் எட்டே முக்காலுக்குக் கதவைத் திறப்பார். ஊதுவத்தி கொளுத்தி, மெஷினைப் போட்டு, எந்தக் காகிதத்திலும் செய்வதுபோல முதல் கோப்பின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி வைப்பார். அப்புறம்தான் காபி.

செவ்வாயன்று ஜொஹரா, "காலைல மெஷினை நானே வந்து போட்டுக்கட்டா சார்?" என்று கேட்டாள். "எனக்கே சொல்லித் தர்றியா? ஆழக் கணக்கு வர்றதுக்கு முன்னாடி எதையும் ஓட விடாதே" என்று விழுந்து பிடுங்கினார். அவளுக்கு வயது இருபத்திரண்டு. அதன்பின் வாய் திறக்கவில்லை.

10.20. கதவில் ஒரு நிழல் விழுந்தது. ஜொஹராவின் பெரியம்மா கைருன் பீவி. பழவேற்காட்டில் கல்யாண பிரியாணி என்றால் அந்த அம்மாள்தான். கம்ப்யூட்டரை அன்றுதான் முதன்முதலில் பார்க்கிறார்.

"ஒரு மணி நேரம் குடுங்க சார். அப்புறமா கையெழுத்து போடுங்க."

ஊர்ப் பெரிய மனுஷி. தாமோதரனால் மறுக்க முடியவில்லை.

"ஜொஹரா, இந்த மெஷினு இன்னா பண்ணுது?"

"நாம எழுதுறது அதுக்குப் புரியாது பெரீம்மா. அதோட பாஷைக்கு மாத்தணும். நாப்பது ஃபைல் இருக்குது. ஒண்ணுக்கு நாலு நிமிஷம். அப்புறம் எல்லாத்தையும் சேத்துக் கட்டும்."

"தெனமும் நாப்பதா?"

"இல்ல. முன்ன மாத்துனது டிஸ்க்லயே இருக்கும். புதுசா எதைத் திருத்துனோமோ அதை மட்டும்தான் மாத்தும். மத்தியானம் ஒண்ணேகாலுக்கு ஆழக் கணக்கு வருது. ஒரே ஒரு ஃபைல்ல அதைப் போடுவேன். ஏழு நிமிஷத்துல வேலை முடிஞ்சிரும்."

"திங்கக்கெழமையிலேர்ந்து?"

"நாப்பதும் ஓடுது. ரெண்டே முக்கா மணி நேரம்."

"கதை!" என்றார் தாமோதரன். "தூங்கிட்டு மெஷின் மேல பழியைப் போடறா."

கைருன் பீவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு ஃபைலைத் திருத்துனோம்னு அதுக்கு எப்டித் தெரியும்? படிச்சுப் பாக்குமா?"

"படிக்காது. கடைசியா எப்ப சேமிச்சோம்னு நேரத்தை மட்டும் பாக்கும்."

அந்த அம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் முப்பது தேக்சா பிரியாணிக்கு ஒரே மசாலா அரைப்பேன். ஒரு தேக்சாவுல உப்பு கம்மின்னா அதை மட்டும் பாப்பேன். மசாலாவுலயே கை வெச்சுட்டா முப்பதையும் மறுபடி அடுப்புல ஏத்தணும். இங்க அந்த மசாலா எது?"

ஜொஹரா தரையைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"மொத ஃபைல். மத்த எல்லா ஃபைலும் அதை உள்ள இழுத்துக்கும்."

"அதைக் கடைசியா தொட்டது எப்போ?"

ஜொஹரா தயங்கித் தயங்கித் தட்டினாள். திரையில் வந்தது: 17-11-88, காலை 8.47.

10.45. கைருன் பீவி வருகைப் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். நான்கு நாளும் ஜொஹராவின் கையெழுத்து ஒன்பதரைக்கு.

"எட்டே முக்காலுக்கு சாவி யாராண்ட சார்?"

"எங்கிட்டதான்..." என்றார் தாமோதரன்.

"தொறந்து காட்டு ஜொஹரா."

கோப்பின் தலையில் நான்கு எழுத்துகள் இருந்தன: 2222. ஆங்கில விசைப்பலகையில் சுழிக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன்.

"தெனம் ஒரே ஒரு எழுத்தும்மா! மெஷின் கண்டுக்காத குறிப்பு வரியிலதான் போட்டேன். அங்க இன்னா வேணா எழுதலாம்னு ஷுக்கூரே சொன்னாரு."

"எழுதலாம் சார். ஆனா நேரம் மாறிப்போச்சே. மசாலாவுல கை வெச்சது நீங்கதான்" என்றார் கைருன் பீவி.

தாமோதரனுக்கு மேசை மேல் கிடந்த கடிதத்தைப் பார்க்கவே கூசியது. சாமி பெயரால் தொடங்கிய வேலை ஒருவன் காலை முறித்துவிட்டது. போதாததற்கு ஒரு பெண்ணின் பெயரை ஊர் முழுக்கக் கெடுத்தாயிற்று.

"உனக்குத் தெரியுமா?" என்றார் ஜொஹராவிடம் மெதுவாக.

"செவ்வாக்கெழமையே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சாமிக்குப் போட்டது. வேணாம்னு நான் சொன்னா அது வேற பேச்சா ஆயிடும் சார்." அவள் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கோதண்டம் அண்ணன் காலு போவும்னு நெனைக்கல. பயத்தைப் பாக்காம சொல்லியிருக்கணும்."

பிறகு அவள் வேறொரு கோப்பைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. பெயர் மட்டும் சுழி என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. "இதை எந்த ஃபைலும் உள்ள இழுக்காது. நீங்க இதுல போட்டா வேலை தாமதமாவாது சார். காட்டத்தான் தைரியம் வரல."

அந்தக் கோப்பை உண்டாக்கிய நேரம் பக்கத்திலேயே இருந்தது: 15-11-88, காலை 11.05. அவர் விழுந்து பிடுங்கிய அதே செவ்வாய்க்கிழமை.

தாமோதரன் தலை நிமிரவில்லை. கடிதத்தை நான்காகக் கிழித்தார்.

"இன்னிக்கும் தொட்டுட்டேனே. சீட்டு?"

"இப்பவே ஓட விட்டா ரெண்டு மணிக்குள்ள நாப்பதும் முடிஞ்சிரும். அப்புறம் ஆழக் கணக்குக்கு ஏழு நிமிஷம்தான்."

பகல் 2.10. சீட்டு அச்சாகி வந்தது. அதை எடுத்துக்கொண்டு தாமோதரனே சைக்கிளில் கோட்டைக்குப்பம் போனார்.

2.40. ஒலிபெருக்கிக்கு எதிர்வீட்டு வாசலில், கட்டுப்போட்ட காலோடு கோதண்டம் கட்டிலில் கிடந்தான். படகு தள்ளப் போனவர்கள் நின்றார்கள். தாமோதரன் மைக்கைப் பிடித்தார்.

"நேத்து இதே மைக்குல ஒரு பேரு சொன்னேன். அது தப்பான பேரு. ஜொஹரா தூங்கல. சீட்டைத் தாமதம் பண்ணவன் பேரு தாமோதரன்."

கோதண்டத்தின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. சீட்டைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, வடக்கு ஓரம் எத்தனை அடி ஆழம் என்று வாசிக்கத் தொடங்கினார்.