பாலத்தைத் தூக்கியவள்

"எங்க படத்துலேர்ந்து ஒரு காட்சியைத் திருடிட்டாங்க மேடம்" என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காரும் முன்பே.

கதவருகே நின்ற கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காணாமல் போன நகை, நாய், கணவன் எல்லாம் துப்பறிவாளரான அவன் அண்ணியிடம் வந்ததுண்டு. காட்சி காணாமல் போய் யாரும் வந்ததில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையை மதியமே பூட்டிவிட்டு அண்ணியின் வழக்குகளுக்கு ஓடி வருவது அவன் வழக்கம். வீட்டில் அவனுக்கு 'அவசரம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

அண்ணி அவசரப்படவில்லை. காப்பீட்டு நிறுவனத்தில் தீ விபத்துகளைத் துருவித் துருவி விசாரித்த காலத்திலிருந்தே அவளுக்கு நிதானம்தான் ஆயுதம்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா."

வந்தவள் ஓர் இயக்குநர். கூடவே அவளுடைய அக்காவும் வந்திருந்தாள். அவள்தான் படத்தின் கதாநாயகி. இருவரும் ஊர் ஊராக அலைந்து, நண்பர்களை வைத்தே எடுத்த முதல் படம். ஒற்றைக் கையால் பாலத்தைத் தூக்கும் ஒரு சூப்பர் ஹீரோ பெண்ணின் கதை. திரைப்பட விழா ஒன்றில் அறிவியல் புனைகதைப் பிரிவுக்கு அனுப்பியிருந்தார்கள். நடுவர்கள் அதை அந்தப் பிரிவிலிருந்தே தள்ளிவிட்டார்கள்.

"ஏன்னு கேட்டேன். 'அவளுக்கு அந்த பலம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு படத்துல ஒரு வார்த்தைகூட இல்லை, இது மாயாஜாலம்'னு சொன்னாங்க. அதை மட்டுமே பேசுற ஒரு முழுக் காட்சி இருக்கு மேடம்! போதாததுக்கு, 'கதாநாயகி திமிர் பிடிச்சவ, பெத்த பொண்ணு கூப்பிட்டாக்கூடத் திரும்ப மாட்டேங்குறா'ன்னு வேற எழுதியிருக்காங்க. நாளைக்குச் சாயங்காலம் முடிவை அறிவிச்சிடுவாங்க. பரிசு கிடைக்கலேன்னா பரவால்ல. நாங்க எடுத்த படத்தைப் பாத்துட்டுத் தோக்கடிக்கட்டும்."

அக்கா தங்கையின் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்திருந்தாள். அவசரம் பின்னாலிருந்து அவளிடம், "தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். அவள் திரும்பவே இல்லை. நடுவர்கள் சொன்னதில் தப்பில்லை போலிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான்.

"அந்தக் காட்சியில..." என்று இயக்குநர் ஆரம்பித்தாள்.

அண்ணி கையை உயர்த்தினாள். "இப்பச் சொல்லாதீங்க. அவங்க என்ன பாத்தாங்களோ அதை நான் முதல்ல பாக்கணும்."

மறுநாள் காலை விழாக்காரர்களின் சிறிய திரையரங்கில் அண்ணியும் அவசரமும் நடுவர்கள் பார்த்த பிரதியைப் பார்த்தார்கள். முன்பின் விளக்கமில்லாமல் கதாநாயகி பாலத்தைத் தூக்கினாள், ரயிலை நிறுத்தினாள். மகள் அழைக்க அழைக்கத் திரும்பாமல் நடந்தாள். அவசரத்துக்கு எரிச்சலாக வந்தது. நடுவில் ஓரிடத்தில் வயலின் இசை பாதி இழுப்பில் படக்கென்று அறுந்து, அடுத்த கணம் தெருச் சத்தம் காதில் அறைந்தது.

"இங்கதான் வெட்டியிருக்காங்க" என்றாள் அண்ணி.

படத்தை ஓட்டியவர் கையை விரித்துவிட்டார். "எங்கிட்ட வந்ததை அப்படியே போட்டேம்மா. அதுக்கு முன்னாடி ஹார்டு டிஸ்க் ஆபீஸ் கம்ப்யூட்டர் ரூம்லதான் கிடந்தது. நடுவர்கள் மூணு பேருக்கும் அந்த ரூம் சாவி உண்டு. ஆனா இந்தப் படத்தை மூணு பேரும் முதல் தடவையா இங்க உக்காந்துதான் பாத்தாங்க. அப்படித்தான் சொன்னாங்க."

மூன்று நடுவர்களில் ஒருவர் படத்தொகுப்பாளர். வெட்டி ஒட்டுவதே அவர் பிழைப்பு. "இதுக்கு மேல என்ன விசாரணை அண்ணி? ஆள் கிடைச்சாச்சு!" என்று அவசரம் குதித்தான்.

"கிடைச்ச ஆளைக் கொஞ்சம் பத்திரமா வெச்சுக்கோ தம்பி. முதல்ல பேசுவோம்."

படத்தொகுப்பாளர் அம்மாள் தன் இருட்டறையில் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார். "சூப்பர் ஹீரோ படம் சயின்ஸ் ஃபிக்‌ஷனா இல்லையாங்குற சண்டையெல்லாம் எனக்கு வேண்டாம். படம் நல்லா ஓடிச்சு, நடுவுல ஒரு இடம் குத்துச்சு. இசை முடியுறதுக்குள்ள யாராவது வெட்டுவாங்களா? புதுப் பொண்ணு, கத்துக்குவான்னு விட்டுட்டேன்."

இயற்பியல் பேராசிரியர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவர். "சக்தி சும்மா வராதுங்க. ஒண்ணைக் குடுத்தாத்தான் இன்னொண்ணு கிடைக்கும். எதைக் குடுத்து இந்த பலத்தை வாங்கினான்னு படம் சொல்லவே இல்லையே! சொல்லியிருந்தா நான் ஏன் எதிர்க்கப் போறேன்? அந்தத் திமிர் பிடிச்ச பொம்பளைனு எழுதினதும் நான்தான். மனசுல பட்டதை எழுதினேன்."

"பாத்தீங்களா, எவ்வளவு வெறுப்பு!" என்று படியிறங்கும்போது அவசரம் கிசுகிசுத்தான். அவனுடைய குற்றவாளி அதற்குள் மாறிவிட்டிருந்தார்.

கடைசியாக நாவலாசிரியர். அறிவியல் கதை எழுதுகிறவர்களில் மூத்தவர். இருவரையும் வாசல்வரை வந்து வரவேற்று, தானே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"பாவம், நல்ல பொண்ணு, நல்ல உழைப்பு. ஆனா நான் மேடைக்கு மேடை சொல்லிட்டு வர்றதுதான். சூப்பர் ஹீரோ படம் மாயாஜாலக் கதைக்கு விஞ்ஞானி கோட்டு மாட்டி விடுறது. பறக்கிற கம்பளத்துக்குப் பதிலா பறக்கிற ஆளு. பாலத்தைத் தூக்கினதுக்கு வலது காது, ரயிலை நிறுத்தினதுக்கு இடது காதுன்னு விலை போட்டுட்டா அது விஞ்ஞானம் ஆயிடுமா? தவம் பண்ணி வரம் வாங்கினவனும்தான் விலை குடுத்தான். விலை இருக்கிறதால மட்டும் விஞ்ஞானம் ஆயிடாது."

அவசரத்துக்கு அந்த வாதம் ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணி தேநீரை மெதுவாகக் குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்தாள்.

"சார், சாயங்காலம் அறிவிப்புக்கு முன்னாடி கொஞ்சம் நேரம் ஒதுக்கி தியேட்டருக்கு வர முடியுமா? மூணு பேரும் இருந்தா நல்லா இருக்கும்."

தெருவுக்கு வந்ததும் அவள் இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலைக் கேட்டதும் அவள் நடை வேகமானது. அண்ணி வேகமாக நடந்து அவசரம் பார்த்ததே இல்லை.

மாலையில் மூன்று நடுவர்களும் முன்வரிசையில் இருந்தார்கள். இயக்குநரும் அக்காவும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி திரைக்கு முன்னால் நின்றாள்.

"நீங்க பாத்த படத்துல ஒரு காட்சி இல்லை. யாரோ வெட்டியிருக்காங்க. தொழில் தெரிஞ்சவங்க வயலினை நடுவுல அறுக்க மாட்டாங்க. அதனால எடிட்டரம்மா இல்லை."

"நல்லவேளை" என்றார் படத்தொகுப்பாளர்.

"பேராசிரியர் சார், அந்த பலத்துக்கு அவ எதைக் குடுத்தான்னு எங்கிட்ட கேட்டீங்க. உங்களுக்கு இப்பவும் தெரியாதா?"

"தெரியாது. அதுதானே என் புகாரே!"

"வலது காதுன்னு இவர் சொன்னாரு" என்று நாவலாசிரியரைக் காட்டினாள். "பாலத்துக்கு வலது காது, ரயிலுக்கு இடது காது."

பேராசிரியர் புருவத்தைச் சுருக்கினார். "காதா? படத்துல காதைப் பத்தி எங்க வருது?"

அப்போதுதான் அவசரத்துக்கு உறைத்தது. தானும் அந்தப் படத்தைப் பார்த்தான், தானும் அந்தத் தேநீரைக் குடித்தான், இரண்டையும் சேர்த்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

"நீங்க பாத்த பிரதியில எங்கயும் வராது சார். வெட்டின காட்சியில மட்டும்தான் வருது" என்றாள் அண்ணி. "கழுத்துக்குப் பின்னாடி பதிச்ச கருவி, காது நரம்பை எரிச்சு பலம் குடுக்குது. ஒவ்வொரு தடவை ஊரைக் காப்பாத்தும்போதும் அவளுக்குக் கேக்குறது குறைஞ்சுகிட்டே வருது. அதை ஒரு டாக்டர் விளக்குறாரு. பேராசிரியர் 'விளக்கமே இல்லை'னு சொன்னாரு." அவள் நாவலாசிரியர் பக்கம் திரும்பினாள். "நீங்க மட்டும் 'விளக்கம் போதாது'ன்னு எங்கிட்ட வாதாடினீங்க. இல்லாத காட்சியோட யாராவது சண்டை போடுவாங்களா சார்?"

நாவலாசிரியர் தன் விரல்களைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். அந்த மேடைக்குரல் இல்லை.

"முன்னாடியே அந்த ரூம்ல தனியா உக்காந்து பாத்தேன். அந்த டாக்டர் சீன் வந்ததும் எனக்குப் புரிஞ்சு போச்சு. இவங்க ரெண்டு பேரும் இதைப் பாத்தா ஒத்துக்குவாங்க. நான் ஆயுசு பூரா பேசினதை ஒரு சின்னப் பொண்ணு ஒரே சீன்ல கேலியாக்கிட்டா. வெட்டினப்புறம் மனசுக்குள்ள அந்த சீனுக்குப் பதில் சொல்லிக்கிட்டே இருந்தேன். அதான் வாய் தவறிடுச்சு."

"பதிலை இங்க சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் இயக்குநர். "உங்க புத்தகங்களைப் படிச்சுத்தான் நான் இதை எழுதவே ஆரம்பிச்சேன்."

அவர் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நடுவர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இயக்குநர் கொண்டுவந்த பிரதியில் முழுப் படமும் ஓடியது. வயலின் இந்தத் தடவை இழைந்து இழைந்து தானாக அடங்கியது. மகள் கூப்பிடும் காட்சி வந்தபோது அவசரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். அதே நடை, அதே முதுகு, அதே கூப்பாடு. தாய்க்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஓரத்தில் இருந்த அக்காவை அவன் திரும்பிப் பார்த்தான். நேற்று பின்னாலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது நினைவுக்கு வந்து, முகம் சுருங்கிப் போனான்.

"அக்காவுக்குக் காது காய்ச்சல்ல போனது, சின்ன வயசுலயே" என்று இயக்குநர் மெல்லச் சொன்னாள். "உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்குவா. இது அவளோட யோசனை."

விளக்குகள் எரிந்ததும், படத்தை மறுபடி அந்தப் பிரிவில் சேர்க்கலாம் என்று படத்தொகுப்பாளர் முதல் ஆளாகக் கை தூக்கினார். பேராசிரியர் தூக்கவில்லை. நேரே அக்காவிடம் போய், அவள் முகத்துக்கு எதிரே நின்றார்.

"நான் எழுதினது தப்பு. அந்த வரியை அடிச்சிடறேன். உங்க படம் இந்தப் பிரிவுலதான் இருக்கணும், அதுக்கும் என் ஓட்டு உண்டு." அவர் விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு. ஒரு நரம்பை எரிச்சா ஒரு பல்பு எரியுமா? அதுவே சந்தேகம். பாலத்தைத் தூக்குறதாவது!"

அக்கா எழுந்து நின்றாள். அந்த இரண்டு நாளில் முதல் தடவையாக அவள் வாய் திறந்தாள். குரல் கொஞ்சம் கரடுமுரடாக, ஆனால் கணீரென்று வந்தது.

"வேகமா பேசுறீங்க சார். மெதுவா இன்னொரு தடவை சொல்லுங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இருக்கு."

பேராசிரியர் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, தன் ஆட்சேபணையை முதலிலிருந்து, ஒவ்வொரு சொல்லாக, சொல்ல ஆரம்பித்தார்.