பின்பாதி

பின்னால் வண்டியே இல்லை. ஆனாலும் காருக்குள் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி நீலமாயிற்று.

செப்பாங்கில் கட்டும் புது விமான நிலையத்துக்கு மண் ஏற்றும் லோரிகள் ஓயாமல் ஓடும் டெங்கில் சாலை, ஞாயிறு என்பதால் காலியாகக் கிடந்தது. செம்பனைத் தோட்டத்தில் அந்தி கறுத்துக்கொண்டிருக்க, மழை விட்ட மண்வாடை ஜன்னல் இடுக்கில் நுழைய, பாலன் தலையைத் திருப்பிப் பார்த்தான். பின்சீட்டில் ஆறு வயது மகள் சந்திரகலா செருப்பைக்கூடக் கழற்றாமல் சுருண்டு தூங்கினாள். அவளுக்கு அப்பால் வெறும் சாலை.

அந்தக் கண்ணாடியை அன்று காலையில்தான் மாட்டினான். கம்போங் மேடானில் கன்னையாவின் பழைய கார்ச் சாமான் கடையில் வாங்கியது. இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஏதோ மருந்துப் பூச்சு. பின்னாலிருந்து லைட் அடித்தால் கரண்ட் ஏறித் தானாகவே நீலமாகும், கண் கூசாது. ஜப்பானில் லோரி மோதி நொறுங்கிய காரின் முன்பாதியோடு வந்ததாம். பின்பாதி என்ன ஆனது என்று பாலன் கேட்டான்.

“முன்பாதிதான் நமக்கு வியாபாரம் லா. பின்னால உட்கார்ந்தவங்க கதை உனக்கு எதுக்கு?” என்று சிரித்தார் கன்னையா.

கார் வாங்கியபோது எலுமிச்சம்பழம் நசுக்கியவன்தான். ஒரு கண்ணாடிக்கு எதற்குப் பூசை என்று விட்டுவிட்டான். மலிவாகக் கிடைத்தால் புத்தி எங்கே வேலை செய்கிறது?

மறுபடியும் நீலம். இப்போது அதற்குள் இரண்டு விளக்குகள். லோரி உயரத்தில்.

திரும்பினான். சாலை காலி. கண்ணாடியில் விளக்குகள் பெரிதாகியிருந்தன. எங்கிருந்தோ டீசல் நெடி. நீளமாக ஒரு ஹாரன்.

“அப்பா, லோரி கிட்ட வந்துருச்சு,” என்றாள் விழித்துக்கொண்ட சந்திரகலா.

ஓரங்கட்டினான். கண்ணாடியைப் பிடித்து இழுத்தான். ஒயர் அறுந்து அது கையோடு வந்தது. அதைக் கால்வாயில் எறிய இறங்கி ஓடினான். மகளை விட்டுவிட்டு.

எறியும் முன்பே ஹாரன் நின்றது. தவளைச் சத்தம் மட்டும். அப்பாடா என்றிருந்தது.

“அப்பா.”

திரும்பினான். சாலை இருட்டு. பின்சீட்டில் மட்டும் பகல் வெளிச்சம். சந்திரகலா பின்பக்கம் பார்த்தபடி, கண் கூசி, கையால் முகத்தை மறைத்திருந்தாள்.

காருக்கு ஓடிவந்து கதவை இழுத்தான். வரவில்லை. மறுகையில் கண்ணாடி, ஒயர் தொங்க, கருநீலமாகிக்கொண்டிருந்தது.

எதுவும் தொடாமலே காரின் பின்பாதி மெல்ல உள்ளே மடங்கத் தொடங்கியது.