பருப்பு வேகாத கிணறு

மாட்டுங்காவில் ரசாயனச் சோதனைக்கூடம் வைத்திருந்த அனந்தகிருஷ்ணனைத் தேடி, 1946 மழைக்காலத்தில், தாராவியில் தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளி நயினார் வந்தான். அவன் சட்டையில் ஊறியிருந்த நாற்றம் தாங்காமல் உதவியாளன் நாணு ஜன்னலைத் திறந்தான்.

“எங்க அத்தான் இசக்கி செத்துட்டாரு சார். வயித்துல பாஷாணம் இருந்துச்சாம். அக்கா முப்பிடாதிதான் சோத்துல வச்சிட்டான்னு போலீஸ்ல புடிச்சிட்டுப் போயிட்டாவ.”

“வேற யாருக்காவது உடம்பு சரியில்லையோ?”

“தெருவுல பாதிப் பேருக்கு வாந்திதான். ஆனா கிணத்துத் தண்ணியில ஒண்ணும் இல்லன்னு போலீஸ்ல சோதிச்சுச் சொல்லிட்டாவ. மொதலாளி பிரம்மநாயகம் அண்ணாச்சியே எறைச்சு சீசால அவங்களுக்குக் குடுத்தாவ.”

“அந்தத் தண்ணில பருப்பு வேகுமோ?”

நயினார் விழித்தான். “எங்க வேகுது? ஒரே உப்பு. சோப்பு நுரைக்காது.”

அந்தச் சீசாவில் மிச்சமிருந்த நீரை அனந்தகிருஷ்ணன் வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கினார். அதில் பாதியோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, எழுந்த வாயுவை பாதரசக் கரைசலில் நனைத்து உலர்த்திய காகிதத்தில் படவிட்டார். பாஷாணம் இருந்தால் காகிதம் மஞ்சளாகும். கூடுதலாக இருந்தால் பழுப்பேறும். காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

“போலீஸ் சொன்னது சரிதான் சார்,” என்றான் நாணு, முகம் வாடி.

“மிச்சத் தண்ணில சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கு.”

சீசாவின் கழுத்துவரை நுரை பொங்கியது.

மறுநாள் இன்ஸ்பெக்டருடன் தாராவிக்குப் போனார்கள். கிணற்றை ஒட்டியே தோல்களின் மயிர் உதிர்க்கும் சுண்ணாம்புக் குழி. வழித்தெடுத்த மயிரும் அழுகிய சதையும் அதில் மிதந்தன. நாணு கிணற்றில் நீர் இறைத்தான். தெரு முழுவதும் கூடி நிற்க, அதே சோதனையில் காகிதம் மெல்லப் பழுப்பேறியது. அளவு தெரிந்த கறைகள் கொண்ட காகிதங்களோடு அதை அனந்தகிருஷ்ணன் ஒப்பிட்டுப் பார்த்தார்.

“மனுஷா குடிக்கக் கூடாத அளவு. மயிர் சீக்கிரம் உதிரணும்னு சுண்ணாம்புல பாஷாணம் கலக்கறா. அது கிணத்துல கசியறது. சீசாத் தண்ணியோ நன்னா நுரைச்சுது. அது உப்புக் கிணத்துத் தண்ணியே இல்லை, குழாய்த் தண்ணி. இந்தத் தெருவுல குழாய் யார் வீட்டில இருக்கு?”

எல்லோரும் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்கள். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

“கிணத்துல குத்தம்னா குழிய மூடச் சொல்லுவிய. தொழில் என்னாவது? ஆளு செத்தா ஊர்லேருந்து வேற ஆளு வரும்.”

அந்தக் குழியைவிட அந்த வாய் அனந்தகிருஷ்ணனுக்கு அருவருப்பாக இருந்தது. தோல் சீவும் கத்தி ஒன்றை வாங்கி வாளிக் கயிற்றை அறுத்தார். இன்ஸ்பெக்டர் பிரம்மநாயகத்தை வண்டியில் ஏற்றினார்.

மாலையில் முப்பிடாதி விடுதலையாகி வந்தாள். அறுந்த கயிற்றைப் பார்த்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், குழாய் இருந்த முதலாளி வீட்டுக் கதவைத் தள்ளித் திறந்தாள். தெருப் பெண்கள் குடங்களோடு அவள் பின்னால் நுழைந்தார்கள்.