கரி விழாத இடம்

இரவு முழுக்கக் கொட்டிய மழை ஓய்ந்திருந்தது. வராந்தாவைக் கூட்ட வந்த ஜெயபாக்கியம் மரநாற்காலியின் முன்னால் விளக்குமாறோடு அப்படியே நின்றுவிட்டாள். சிமெண்டுத் தரையில், சன்னல் கம்பியில், கொடியில் கிடந்த தானியேலின் வெள்ளை வேட்டியில், மூடாமல் வைத்த குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாக, எங்கும் கரித்தூள் படிந்திருந்தது. நாற்காலியிலும் படிந்திருந்தது. ஆனால் உட்காரும் இடமும் முதுகு சாயும் இடமும் மட்டும் துடைத்துவைத்தாற்போலப் பளிச்சென்று இருந்தன. யாரோ ராத்திரியெல்லாம் அதில் உட்கார்ந்திருந்து, விடிந்ததும் எழுந்து போனதுபோல.

கரி விழுந்திருக்கவே கூடாது. வீட்டுக்குக் கீழே சரிவில் இருந்த பியூலாவின் ஸ்டோர் அணைந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

ஏலக்காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் அந்த மலையில் ஸ்டோர் என்பார்கள். போடிமெட்டுக்கு அப்பால் இருந்த அவர்களுடைய தோட்டத்தில் இரண்டு ஸ்டோர்கள். மூத்தவன் தானியேலின் மனைவி ஜெயபாக்கியம் தன்னுடையதில் விறகு எரித்தாள். இளையவன் பிரேம்சிங்கின் மனைவி பியூலா, கல்யாணமாகி வந்த இரண்டாம் வருடமே தூத்துக்குடியிலிருந்து லாரியில் நிலக்கரி கொண்டுவந்து இறக்கினாள். மழையில் நனைந்த விறகு ஒரு நேரம் எரியும், ஒரு நேரம் புகையும். கரி, காய் உலர ஆகும் இருபது மணி நேரமும் ஒரே சூட்டில் நிற்கும். காயை உள்ளே நீளத் தகரத் தட்டுகளில் பரப்பிக் கதவைச் சாத்திவிட்டால், எடுக்கிறவரை யாரும் அதைத் திறக்கக் கூடாது. ஒரு வாய் குளிர்காற்று பட்டாலும் நிறம் போய்விடும். அந்த மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் அது.

பியூலாவின் காய் அப்படியொரு பச்சை. ஜெயபாக்கியத்தின் காய் பழுப்பும் மஞ்சளுமாக வரும். "என்னக்கா, காய்க்குக் காமாலையா? டாக்டர்ட்ட காட்டுங்க" என்று பியூலா சிரிப்பாள். இடுப்புக்குக் கீழே தொங்கும் அவளுடைய ஒற்றைச் சடையும் சேர்ந்து சிரிப்பதுபோல ஆடும். அதைக்கூடப் பொறுத்திருக்கலாம். இருபத்திரண்டு வருடமாகத் தன் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத தானியேல், ஒருநாள் பியூலாவின் காயில் ஒரு கை அள்ளி, கண்ணை மூடி மோந்து பார்த்துவிட்டு, "கைராசின்னா இதுதான்" என்றான். அவன் கண்ணை மூடியதை ஜெயபாக்கியத்தால் மறக்க முடியவில்லை.

அந்தக் கரிதான் காற்றோடு மேலேறி இவள் பாத்தியில் இறங்கியது. இலைகள் மங்கின. பூவின் வெள்ளை மடலில் கருப்புப் பொடி ஒட்டியது. தேனீ வரவில்லை, தேனீ வராமல் ஏலம் காய் பிடிக்காது. வேலைக்காரி வீரலட்சுமி பூவைத் தடவி விரலைக் காட்டினாள். "கண்ணு மை கணக்கா இருக்கும்மா." ஜெயபாக்கியம் புருஷனிடம் சொன்னபோது, "அவ பச்சையா எடுக்கறது ஒனக்குப் பொறுக்கல, பாக்கியம்" என்றான். அதில் பாதி உண்மை என்பதுதான் அவளை இன்னும் எரித்தது.

நாற்காலியை ஈரத்துணியால் துடைத்தாள். இடது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான். கவாத்துக் கத்தி எடுத்துக்கொண்டது. அந்தக் குட்டை விரலில் கரி ஏறிக்கொண்டது. அன்று முழுக்கத் தேய்த்தும் போகவில்லை.

மறுநாள் கரி கூடத்துக்குள் வந்தது. சன்னல்கள் சாத்தித்தான் இருந்தன. சாம்பல் கலந்த கந்தக வாடை, பழைய ரயில்பெட்டிக்குள் வருகிற மாதிரி, அடித்தொண்டையில் நின்றது. கருத்த தரையில் வெள்ளையாகப் பாதங்கள். வாசலிலிருந்து படுக்கையறைப் பக்கம் போகிற பாதங்கள். திரும்பி வந்த தடம் இல்லை.

தானியேல் அதன்மேல் நடந்து போய்க் காப்பி குடித்தான். "எங்கிட்டிருந்து வருது இந்தத் தூசி?" என்றதோடு சரி.

மூன்றாம் நாள் விடியலில் கண் விழித்தபோது போர்வையெல்லாம் கருப்பு. அவளுக்கும் தானியேலுக்கும் நடுவே மட்டும் ஒரு ஆள் நீளத்துக்கு விரிப்பு வெளுத்துக் கிடந்தது. தோள். இடுப்பு. ஒருக்களித்து, தானியேலின் பக்கம் பார்த்துப் படுத்த உருவம். அதன் முதுகில் இடுப்புக்குக் கீழேவரை நீண்ட, வெள்ளையான ஒரு சடை.

அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. செத்தும் இங்கேதான் வர வேண்டுமா என்ற கொதிப்புதான் வந்தது. பயம் அதன் பின்னால், மெதுவாக, குளிர்ந்த காலோடு வந்தது.

பியூலா செத்த அன்று நடந்ததை அவள் தனக்குள் எப்போதும் ஒரே மாதிரிதான் சொல்லிக்கொள்வாள். பியூலா புருஷனோடு ஜீப்பில் போடிக்குப் போயிருந்தாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜெயபாக்கியம் கரி ஸ்டோருக்குப் பின்னால் போய், புகைபோக்கியை அடைக்கும் இரும்புத் தகட்டைச் சங்கிலியைப் பிடித்து இறக்கிவிட்டாள். புகை உள்ளே திரும்பட்டும், ஒரே ஒரு தடவை அந்தப் பச்சை கருக்கட்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்து வேலையாள் கன்னையன் ஓடிவந்தான்.

"அம்மா, சின்னம்மா ஸ்டோருக்குள்ள தட்டுற சத்தம் கேக்குது. தொறந்து பாக்கவா?"

திறந்தால் புகை தெரியும். புகை தெரிந்தால் தகடு தெரியும்.

"தட்டுதான் சூட்டுல நெளியுது. தொறக்காத. நெறம் போயிரும்" என்றாள்.

இங்கேதான் அவள் எப்போதும் நிறுத்திவிடுவாள். இன்று, அந்த வெளுத்த விரிப்பைப் பார்த்தபடி, மிச்சத்தையும் பார்த்தாள். ஸ்டோர் வாசலில் கிடந்த பியூலாவின் செருப்பு. பச்சை வார். அவள் அதைப் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

சாயங்காலம் திறந்தபோது, நடுவில் இருந்த நீளத் தட்டின்மேல் கன்னத்தை வைத்து, தூங்குகிறவள்போலப் பியூலா கிடந்தாள். கரிப்புகை என்றார்கள். காற்றில் தகடு விழுந்துவிட்டது என்றார்கள். அடக்கம் முடிந்து போடிக்கு இறங்கிய பிரேம்சிங் அப்புறம் மலையேறவில்லை.

"சும்மா கெடக்குற ஸ்டோரு. இந்தக் காயை அதுல போடுவோம்" என்றான் தானியேல், விரிப்பு வெளுத்துக் கிடந்த அந்த மூன்றாம் நாள் மத்தியானம். "பியூலா எடுத்த நெறம் வரணும்."

"வரும்" என்றாள். தன் குரலில் இருந்த ஆசை அவளுக்கே கேட்டது.

கரி பற்றியது. கதவு சாத்தியாயிற்று. பியூலாவின் ரகசியம் என்னவென்று அவளுக்கு இப்போது புரிந்திருந்தது. சட்டத்தை மீறுவதுதான் ரகசியம். பாதிச் சூட்டில், யாருக்கும் தெரியாமல், கதவை ஒரு முழம் திறந்து உள்ளே நுழைந்து, காயைக் கையால் புரட்டிவிட்டு வந்துவிடுவாள். செத்த அன்றும் அதற்குத்தான் போயிருந்தாள்; தாழ் நீங்கிக் கிடந்ததைப் பார்த்த யாரோ வெளியே தாழ் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் மூடுபனி ஸ்டோரின் கூரைவரை இறங்கியிருந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஜெயபாக்கியம் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டாள். தாழை நீக்கி ஒரு முழம் திறந்தாள். நுழைந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெக்கை முகத்தில் அறைந்தது. ஏல வாசனை இல்லை. கந்தக வாடை மட்டும். கூரைக்குக் கீழே இருந்த சின்னக் கண்ணாடி வழியே மங்கிய வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் கரி விழுந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், நிதானமாக. சுற்றிலும் தட்டுத் தட்டாகக் காய் கருத்துக் கிடந்தது.

நடுத் தட்டில் மட்டும் பச்சை.

அப்படியொரு பச்சையை அவள் பியூலாவிடம்கூடப் பார்த்ததில்லை. ஒருக்களித்துப் படுத்த ஒரு பெண்ணின் பச்சை. கன்னம். தோள். நீண்ட சடை.

பக்கத்தில் இன்னொன்று உருவாகிக்கொண்டிருந்தது. பாதம். முழங்கால். கனத்த இடுப்பு. கரி அந்த இடத்தை விட்டு விலகி விழுந்தது. தோளிலிருந்து ஒரு கை நீண்டது. விரல்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. இடது கை.

ஆள்காட்டி விரல் பாதிதான்.

கூரைமேல் சங்கிலி உரசியது. இரும்புத் தகடு இறங்கும் சத்தம். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவள் கைக்குத் தெரியும்.

கதவைத் தள்ளினாள். வெளியே தாழ் விழுந்திருந்தது. தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள். கூப்பிட வாய் திறந்தாள். கந்தகம் தொண்டையை அடைத்தது.

வெளியே காலடி. கன்னையனின் குரல்.

"மொதலாளி, உள்ள ஏதோ தட்டுற மாதிரி கேக்குது. வாசல்ல அம்மா செருப்பு மாதிரி ஒண்ணு..."

தூரத்திலிருந்து தானியேல். "தட்டு சூட்டுல நெளியும்டா. அவ வீட்லதான் இருப்பா. தொறந்து கிறந்து தொலைக்காத. நெறம் போயிரும்."

காலடி விலகியது.

கதவைவிட்டுத் திரும்பினாள். நடுத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். இளம் சூட்டில் அது படுக்கைபோல இருந்தது. கரி விழுந்தது. சுவரில் விழுந்தது. கதவில் விழுந்தது. எல்லாத் தட்டிலும் விழுந்தது.

அவள் மேல் மட்டும் விழவில்லை.