சோறு கொண்டுவந்த விருந்தாளிகள்

விருந்துக்கு வந்த பூரணி கையில் சோற்றுச் சட்டியோடு வாசலில் நின்றாள். அழைப்புமணி அடிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. ஜெகதீஸ்வரி ஏதோ வேலையாகக் கதவைத் திறந்தபோதுதான் அவள் நிற்பதே தெரிந்தது.

"இதென்ன பூரணி?"

"சோறும் பருப்பும், மச்சாள். இஞ்சை அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள்தானே."

மத்தியானத்திலிருந்து வெண்ணெயில் வாத்திறைச்சி வெந்துகொண்டிருக்கும் வீட்டில் நின்று இதைச் சொல்கிறாள். புருஷனின் தங்கையாகப் போனதால் ஜெகதீஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டாள். எந்தப் பதார்த்தத்துக்கு எந்த முள்ளுக்கரண்டியை எடுப்பது என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டு அனுப்பியிருந்தாளே, அதையாவது பார்த்தாளா? இந்தச் சனம் திருந்தாது.

இந்த விருந்தே ஜெர்மேனுக்காகத்தான். வீடு வாங்கி விற்கும் நிறுவனத்தில் அவளுடைய முதலாளி. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் திறக்கப்போகும் கிளையை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று இன்றைக்குச் சொல்லிவிடுவார். உங்கள் ஆட்களையும் சந்திக்க வேண்டும் என்று அவர் வாய்விட்டுக் கேட்டுவிட்டார். இல்லாவிட்டால் இந்தக் கூட்டத்தை அவள் படியேற விட்டிருப்பாளா? பூரணியின் புருஷன் றொனால்ட் பலசரக்குக் கடைக்காரன். எங்கே போனாலும் கருவாட்டு வாசத்தோடு போகிறவன். தர்மிளா சேலைக்கடைக்காரி, வாய் ஓயாதவள். முதலாளியைக் கூட்டிவர அவள் புருஷன் வாமதேவன் மெத்ரோ ரயில் நிலைய வாசலுக்குப் போயிருந்தான். அவர் வருவதற்குள் இவர்களை மனிதராக்கி உட்காரவைக்க வேண்டும்.

றொனால்ட்டும் தர்மிளாவும் ஒன்றாக வந்தார்கள். ஜரிகையில் புரளுகிற தர்மிளா, துவைத்துத் துவைத்து நைந்த வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை. அவள் கடைப் பொம்மைகூட இதைவிட மரியாதையாக உடுத்தியிருக்கும். ஜெகதீஸ்வரி "வாங்கோ" என்றாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெல்வெட் கதிரைகளைச் சுற்றிக்கொண்டு போய், சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார்கள்.

"கதிரையில இருங்கோ."

"பரவாயில்லை அக்கா," என்றான் றொனால்ட் தணிந்த குரலில்.

மேம்பாலத்தில் மெத்ரோ போனது. மேசையில் வரிசையாக வைத்திருந்த வைன் கிளாஸ்கள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுத்து அடங்கின. அதன் பிறகு வந்த அமைதியில், வாய் ஓயாத தர்மிளா மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. தடிமனோடு விருந்துக்கு வந்திருக்கிறாள் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு ஜெகதீஸ்வரி குசினிக்குப் போனாள். வெண்ணெய் வாசம் செத்திருந்தது. வெறும் வெள்ளைச் சோற்றின் ஆவி மட்டும், ஈரத்துணியைப் போல முகத்தில் ஒட்டியது. அவண் அடுப்பு அணைந்து கிடந்தது.

"நான்தான் நிப்பாட்டினன், மச்சாள்," பின்னால் நின்ற பூரணி சொன்னாள். "இண்டைக்கு மூட்டக்கூடாது."

கன்னத்தில் அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. முன்னறையில் ஏதோ இழுபடும் சத்தம் கேட்டு ஓடினாள். மேசை சுவரோரம் போயிருந்தது. நடு அறை வெறுமையாய்க் கிடந்தது. றொனால்ட் அங்கே பாயொன்றை விரித்துக்கொண்டிருந்தான்.

"தெற்கு எந்தப் பக்கம், அக்கா?"

அவள் யோசிக்காமல் கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் கை காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டுத் தலையணையை அந்தப் பக்கம் வைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இழவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அங்கே போகிறவர்கள் சோறு கொண்டுபோவார்கள். வரவேற்றால் பதில் சொல்லாமல் போய்த் தரையில் உட்காருவார்கள். பாய் விரித்துத் தெற்கே தலைவைத்துக் கிடத்துவார்கள். நாகரிகம் வந்த பிறகு அவள் அப்படி ஒரு வீட்டுக்கும் போனதில்லை. ஆனால் மறக்கவில்லை.

"ஆர் செத்தது?"

மூவரும் கூச்சத்தோடு தலை குனிந்தார்கள்.

வாமதேவன். அவன்தான் வெளியே போனவன். போன் அடித்தாள். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் முதலாளியைத் தவிர அவனை ஒரு தரம்கூட நினைக்கவில்லை என்பது சுட்டது. கோட், கழுத்துப்பட்டி, அதற்குமேல் இரத்தம். அப்படித்தான் கண்ணுக்குள் வந்தான்.

கதவு திறந்தது.

வாமதேவன் முழுதாக நின்றான். கழுத்துப்பட்டிகூடக் கலையவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அது போனதும் பழைய வெறுப்பு பொங்கிக்கொண்டு வந்தது. மூடச்சனம். நாளைக்கு இவர்கள் ஒருவரும் இந்தப் படியில் கால்வைக்கக்கூடாது. முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு முதலாளியை வரவேற்கத் திரும்பினாள்.

ஜெர்மேன் கையில் செவ்வந்திப் பூச்சாடி.

விருந்துக்கு எந்தப் பிரெஞ்சுக்காரனும் செவ்வந்தி கொண்டுவரமாட்டான். அது கல்லறைப் பூ. அந்த அறையில் அதைத் தெரிந்துவைத்திருந்த தமிழாள் அவள் ஒருத்திதான்.

நீட்டிய அவள் கையை அவர் தாண்டிப் போனார். வாமதேவனின் இரு கைகளையும் பிடித்து, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று பிரெஞ்சில் சொன்னார். வாமதேவன் நன்றி சொன்னான்.

"நான் இஞ்சை நிக்கிறன்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"ஓம் அக்கா, ஓம்," என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லி, தர்மிளா அவள் தோளைப் பிடித்துப் பாயில் இருத்தினாள். பிறகு சாய்த்தாள். ஜெகதீஸ்வரி திமிறினாள். றொனால்ட் கைகளைப் பிடித்துக்கொண்டான். மரியாதையாகத்தான் பிடித்தான். பூரணி அவள் சப்பாத்துகளைக் கழற்றினாள். இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வெள்ளைத் துணிக்கிழிசலைச் சுற்றினாள். சுற்றியவள் நிறுத்தினாள்.

"கால் இன்னும் சூடாக் கிடக்கு, அண்ணை."

வாமதேவன் குனிந்து தொட்டுப் பார்த்தான்.

"ஆறும்," என்றான். "நீ கட்டு."