அஞ்சுகம் குடித்த டம்ளர்

காலை ஆறு மணிக்கு ஆலை வாயிலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவர் தொண்டையிலும் நான் சுரப்பியின் வேகத்தைக் காட்டும் கழுத்துமானியை வைப்பேன். பச்சை விளக்கு எரிந்தால் உள்ளே. சிவப்பு என்றால் முகாம் வண்டி. பதினோரு வருடமாக இதே வேலை.

சுழல் காய்ச்சல் வந்து போனவர்களுக்குத் தைராய்டு சுரப்பி வீங்கி, மாதக்கணக்கில் கண்டபடி சுரக்கும். தூக்கம் வராது, கை ஓயாது. வேகக் காலம் என்று அதற்குப் பெயர். ஆலைக்கு அவர்கள்தான் வேண்டும். பிறகு சுரப்பி ஓய்ந்து ஆள் மந்தமாகிவிடுவார்; அவரை முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆகவே குடியிருப்பில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், ஆலை வேலைக்காரர்கள் திரண்டு போய் அவர் டம்ளரில் ஒரு வாய் குடித்துவிட்டு வருவார்கள். வெட்கங்கெட்ட வழக்கம்தான்.

என் மனைவி அஞ்சுகம் சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு வரிசையில் வந்தாள். சிவப்பு. அவள் வேகக் காலம் முடிந்துவிட்டது. விரலால் விளக்கை மறைத்து உள்ளே அனுப்பினேன். மாத்திரை முகாமில் மட்டும்தான் கிடைக்கும். போனால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் திரும்பி வர விடமாட்டார்கள். அவளில்லாமல் இருக்க எனக்கு மனமில்லை. சுயநலம், வேறென்ன.

பக்கத்து வீட்டு யாக்கோபுக்குக் காய்ச்சல் என்றதும் அவர் குடித்து வைத்த கஞ்சியை டம்ளரோடு வாங்கி வந்தேன். மறுபடி காய்ச்சல் வந்தால் மறுபடி வேகம் வரும் என்று நம்பினேன்.

"ஒருதடவ வந்தவங்களுக்கு இது வேல செய்யுமாங்க?" என்று கேட்டாள்.

"குடி புள்ள. நானும் குடிக்கிறேன்ல."

எனக்கு அதுவரை அந்தக் காய்ச்சலே வந்ததில்லை; வாயில் வேலைக்கு அது தேவைப்படவும் இல்லை. அவள் தைரியத்துக்காக ஒரு வாய் குடித்தேன். மீதியை அவள் குடித்தாள்.

கழுத்துமானி பார்க்கத் தெரிந்த எனக்குச் சுரப்பியைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது காய்ச்சல் அவளிடம் மிச்சமிருந்ததையும் அழித்தது. முகம் ஊதி, குரல் கரகரத்து, ஒரு வாய்ச் சோற்றை விழுங்கவே வெகுநேரம் ஆனது. எனக்கோ முதல் காய்ச்சல் வந்து போனதும் நெஞ்சு படபடத்தது, உட்கார முடியவில்லை. ஆலையில் பாராட்டி, மூன்று வாயில்களையும் என்னிடமே கொடுத்தார்கள்.

கடைசியில் ஒரு காலை அவள் தொண்டையில் கருவியை வைத்து, விளக்கை மறைத்துவந்த விரலை எடுத்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வண்டியில் ஏற்றி ஜன்னலோரம் உட்கார வைத்தேன். "நீங்க..." என்று தொடங்கினாள். அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டும். நிற்கத்தான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. வாயிலுக்கு ஓடிப்போய் நாலு பேர் தொண்டையில் கருவி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வண்டி நகரத் தொடங்கியிருந்தது. ஜன்னலில் அவள் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.