மூன்றாவது கவுண்டரில் ஒரு தலைகுனிவு

"சார்... இது கம்ப்யூட்டர். செடி இல்ல. தண்ணி ஊத்தாதீங்க!"

அவள் சத்தம் போட்ட பிறகுதான் அவன் நிமிர்ந்தான். வெளியே கொட்டிய மழை அத்தனையும் அவன் சட்டையில் இருந்தது. முழங்கையிலிருந்து சொட்டிய நீர் கவுண்டர் பலகையில் ஓடி, அவளுடைய விசைப்பலகையைத் தொடப் பார்த்தது. கையில் குடை இல்லாமல் இல்லை. குடையின் புண்ணியம் முழுக்கப் பக்கத்தில் நின்ற அம்மாவுக்குப் போயிருந்தது. அம்மாவின் தலையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"மன்னிச்சுக்கோங்க மேடம்..." கைக்குட்டையால் பலகையைத் துடைத்தான். அதுவும் நனைந்திருந்ததால் பலகை இன்னும் ஈரமானது. "ரொம்ப நேரமா சுத்திக்கிட்டே இருக்கே... தண்ணி ஊத்தினாலாவது வளருமான்னு பார்த்தேன்."

திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. காலையிலிருந்து அதற்கு அதுதான் வேலை. அவளுக்குச் சிரிப்பு உதடு வரை வந்துவிட்டது. கடித்து உள்ளே தள்ளினாள்.

நல்ல கண்கள்... என்று தோன்றியது. மழையில் கழுவிவிட்ட ஜன்னல் கண்ணாடி மாதிரி... அவ்வளவு தெளிவு, அவ்வளவு ஈரம். சீ, வேலையைப் பார்!

அந்த நலத்துறை அலுவலகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரி கிள்ள வேண்டியதே இல்லை, தானாக வெடிப்பாள். ஆனால் புதிய கம்ப்யூட்டர் முறை வந்த நாளிலிருந்து அவள் வெடிப்பதை விட அவள் மேல் மற்றவர்கள் வெடிப்பதுதான் அதிகமாக இருந்தது. பழைய கோப்புகளை மூட்டை கட்டிவிட்டு முழுக்கப் புதிய முறைக்கு மாறுகிற அலுவலகங்களுக்கு மட்டும்தான் இந்த ஆண்டின் சிறப்பு நிதி என்று அரசு சொல்லியிருந்தது. அலுவலகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த பெரிய மேடம் முதல் ஆளாக மாறிவிட்டார். பேராசை ஒன்றும் இல்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் வாசற்படியில் தடுமாறி விழுகிறார்கள்... அங்கே ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். ஒழுகும் கூரையை மாற்ற வேண்டும். அதற்கு நிதி வேண்டும்.

மாறிய பிறகுதான் வினை. ஒருவருடைய நோய் இன்னொருவர் பெயரில் ஏறியது. வந்துகொண்டிருந்த உதவிகள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றன.

அன்று அவள் முதுகுக்குப் பின்னால் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள் நின்றிருந்தார்கள். நிதி கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். "அவங்க முன்னாடி சிஸ்டம் சரியில்லன்னு யாரும் வாயத் திறக்கக் கூடாது. நிதி போச்சுன்னா நாமதான் பக்கெட்ட வெச்சு ஒழுகற தண்ணியப் பிடிச்சிக்கிட்டு உக்காரணும்" என்று பெரிய மேடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தார்.

"அம்மாவுக்குப் பக்கவாதம் மேடம்" என்றான் ஈரச்சட்டைக்காரன். "உங்க ஆபீஸ்லேர்ந்து வாரா வாரம் நர்ஸ் வந்து கைக்குப் பயிற்சி குடுப்பாங்க. திடீர்னு வர்றது நின்னுபோச்சு... கை திரும்ப இறுக ஆரம்பிச்சிடுச்சு."

அம்மாவின் வலது கை நெஞ்சோடு மடங்கியிருந்தது. விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன.

வட்டம் நின்றது. பெயர் வந்தது. பெயருக்கு நேரே... பயனாளி இறந்துவிட்டார்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பின்னால் ஓர் அதிகாரி தொண்டையைக் கனைத்தார். அந்தக் கனைப்பு அவளைப் பிடரியில் பிடித்துத் தள்ளியது.

"இறந்துட்டாங்கன்னு இருக்கு சார். உயிரோட இருக்காங்கன்னு சான்று வாங்கிட்டு வாங்க."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள்.

"யாரும்மா இறந்தது?" அம்மாவின் வாய் லேசாகக் கோணியிருந்ததால் சொற்கள் வழுக்கி விழுந்தன. "நான் இங்கதானே நிக்கறேன்..."

"சிஸ்டத்துல அப்படித்தான்மா இருக்கு. சிஸ்டம் தப்பு பண்ணாது."

சொல்லிவிட்டாள். சொன்ன மறுகணமே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அவன் சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தாள். மேஜையைத் தட்டட்டும், கத்தட்டும்... கத்துகிறவர்களைச் சமாளிக்க அவளுக்குத் தெரியும். அவன் கத்தவில்லை. காது மடல் சிவந்தது. கழுத்து தொய்ந்தது. களவும் கையுமாகப் பிடிபட்டவன் மாதிரி, தப்பு செய்தது தான்தான் என்பது மாதிரி... தலையைக் குனிந்துகொண்டான்.

"வாங்கம்மா... போலாம்."

குடை விரிந்தது. மழைக்குள் இரண்டு உருவங்கள் கரைந்து போயின. அவள் அடுத்தவரைக் கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

*

"மூஞ்சி ஏன்டி இப்படித் தொங்குது?" வீட்டில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அக்கா கேட்டாள்.

சொன்னாள். அவன் அம்மாவைப் பற்றியும் சொன்னாள், குனிந்த தலையைப் பற்றியும் சொன்னாள். குனிந்த தலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டாள்.

அக்கா ஒரு கையை இடுப்பில் வைத்தாள். "நீ அப்படிப் பேசினதுக்கு வருத்தப்படறியா... இல்ல, அவன் திட்டாமப் போனதுக்கா?"

"அக்கா... அந்தம்மா மூஞ்சியப் பார்த்து நீ செத்துட்டேன்னு சொல்லிட்டேன்க்கா. அவங்க என்னைப் பார்த்தாங்க பாரு ஒரு பார்வை... குளிச்சாலும் போகாது போல இருக்கு."

"அப்போ போய் மன்னிப்புக் கேளு. இங்க உக்காந்து என் உயிர எடுக்காத."

பயனாளியை வீடு தேடிப்போய் உறுதி செய்கிற அதிகாரம் அவளுக்கு உண்டு. மறுநாள் பிற்பகல் போனாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒரு சின்ன மாடி வீடு. கதவைத் திறந்தது அவன் அம்மாதான்.

"வாம்மா! பேய் இருக்கற வீட்டுக்குத் தைரியமா வந்திருக்கியே!"

அம்மா சிரித்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சுருண்ட கையைத் தன் இரண்டு கைகளிலும் எடுத்துக்கொண்டாள். "நேத்து நான் பேசினது மகா தப்பும்மா... பின்னாடி பெரியவங்க நின்னாங்க. பயந்துட்டேன். அதுக்காக..."

"விடும்மா. வேலைன்னா அப்படித்தான். உக்காரு."

சமையலறையிலிருந்து அவன் டீயோடு வந்தான். அவளைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டான். அவள் எழுந்தாள்.

"உங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கணும் சார்..."

"வேணாங்க!" குரல் உடைந்தது. "நீங்க கேட்கக் கூடாது... அத எழுதினதே நான்தான்."

"எதை?"

"அந்த சிஸ்டத்த. முழுசா இல்ல... ஒரே பேரும் ஒரே பிறந்த வருஷமும் இருந்தா, ரெண்டு பதிவையும் ஒரே ஆள்னு சேர்த்துடும் பாருங்க... அந்தப் பகுதி. அது என் வேலை. எங்கம்மா பேர்ல எங்கயோ ஒருத்தங்க காலமாகியிருக்காங்க. அந்தச் சாவு வந்து எங்கம்மா மேல உக்காந்துடுச்சு."

அவள் மெதுவாகக் கேட்டாள். "தப்பா வரும்னு தெரிஞ்சேவா குடுத்தீங்க?"

"தெரியும். இன்னும் சில மாசம் வேணும்னேன். இந்த வருஷ நிதி இந்த வருஷத்தோட முடிஞ்சிடும், இப்பவே ஓட்டணும்னு எங்க முதலாளி சொன்னார். நானும்... வாய மூடிட்டேன்."

"அப்போ நேத்து எதுக்கு வந்து வரிசையில நின்னீங்க? உள்ள உக்காந்து ஒரு தட்டு தட்டினா உங்கம்மா பொழச்சிருப்பாங்களே!"

"எங்கம்மா மட்டும் பொழச்சிருப்பாங்க..." அவன் தரையைப் பார்த்தான். "பக்கத்துக் கவுண்டர்ல நின்ன பெரியவருக்கும் இதே பதில்தான் கிடைச்சுது. அவருக்கு உள்ள யார் இருக்கா? என் வேலை என்ன பண்ணுதுன்னு நின்னு பார்க்கணும்னு தோணிச்சு. பார்த்துட்டேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பதிலுக்கு அவள் உருகியிருப்பாள். அன்று ரோஷம் முந்திக்கொண்டது.

"தினம் தினம் ஜனங்க என் மூஞ்சில துப்பாத குறை. எல்லா சாபமும் எனக்கு... இதுல நேத்து பூரா உங்கள நெனச்சு நான் வெக்கப்பட்டிருக்கேன். உங்கள நெனச்சு!"

டீயைத் தொடாமல் படி இறங்கினாள். பாதிப் படியில்தான் உறைத்தது... கோபத்தில் எதைச் சொல்லியிருக்கிறோம் என்று. முகம் சுட்டது.

*

சில நாட்களில் ஆய்வுக் கூட்டம். அலுவலகக் கூடத்திலேயே நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அதே இரண்டு அதிகாரிகள், பெரிய மேடம், ஊழியர்கள், கம்ப்யூட்டர் நிறுவனத்தின் முதலாளி... கடைசி வரிசையில் அவன். அவள் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். கண் கேட்டால்தானே?

"பிரச்சனை ஏதாவது உண்டா?" என்றார் அதிகாரி.

"சின்னச் சின்னது சார். போகப்போகப் பழகிடும்" என்றார் முதலாளி.

"பழகாது சார்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அவன் எழுந்து நின்றிருந்தான். பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

"உயிரோட இருக்கறவங்கள செத்தவங்களாக் காட்டற பகுதி நான் எழுதினது. சரியில்லன்னு தெரிஞ்சே குடுத்தேன். எங்கம்மாவுக்கு வந்தப்போதான் உறைச்சுது. அதுவரைக்கும் உறைக்கலையேன்னு நினைச்சா... வெக்கமா இருக்கு சார்."

முதலாளி சத்தமாகச் சிரித்தார். "தம்பி கொஞ்சம் உணர்ச்சிவசப்படறார். கவுண்டர்ல இருக்கறவங்கள கேளுங்களேன். அவங்கதானே தினம் பயன்படுத்தறாங்க?"

அதிகாரியின் பார்வை அவள் மேல் வந்து நின்றது. பெரிய மேடமும் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. படியில் விழுந்து நெற்றி கிழிந்த ஒருவரை இருவரும் சேர்ந்து தூக்கியவர்கள்... சாய்தளம் எவ்வளவு அவசியம் என்று அவளுக்குத் தெரியாதா? நல்லா வேலை செய்யுது சார். நாலே சொல். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம்.

அவள் எழுந்தாள்.

"எதிர்ல நின்ன ஒரு அம்மாவ நீங்க செத்துட்டீங்கன்னு சொன்னேன் சார். நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சே சொன்னேன். நீங்க என் பின்னாடிதான் நின்னீங்க... உங்களுக்கும் கேட்டுது."

அதிகாரி பேனாவை மூடினார். அவர் முகத்தில் ஓடிய சிவப்பு, அன்று அவன் காது மடலில் அவள் பார்த்திருந்த சிவப்புதான்.

நிதி நின்றது. சாய்தளம் அந்த ஆண்டு இல்லை என்றாயிற்று. முறையைச் சீர்செய்ய மட்டும் ஒரு பகுதி வந்தது. மூட்டை கட்டிய கோப்புகள் மறுபடி மேஜைக்கு ஏறின. பெரிய மேடம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் கவுண்டர் பக்கம் வந்தவர், "நான் சொல்லியிருக்க வேண்டியது... நீ சொன்னே" என்றார். அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நிறுவனம் அவனை வெளியே அனுப்பியது. தப்பு எங்கே என்று தெரிந்த ஆளே சரிசெய்யட்டும் என்று துறை அவனைத் தற்காலிகமாக உள்ளே எடுத்தது. அவளுடைய மூன்றாவது கவுண்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள்.

*

கை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனாலும் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. வருகிறவர்களிடம் தானே எழுந்து நின்று, "தப்பு எங்களோடது, உக்காருங்க" என்பான். ஒவ்வொருவராக உயிர் பெற்றார்கள். அன்று பக்கத்துக் கவுண்டரில் நின்ற பெரியவருக்கு உதவி திரும்ப வந்தது. அம்மாவின் முறையும் வந்தது... வரிசைப்படிதான். நர்ஸ் மறுபடி வீட்டுக்கு வரத் தொடங்கினாள்.

"உங்களுக்கு இந்த ஸ்க்ரீனத் தவிர வேற எதுவும் தெரியாதா?" என்று ஒரு நாள் சீண்டினாள்.

"தெரியும்... பார்க்கத்தான் தைரியம் இல்ல."

அன்று முழுக்க அவள் எழுத்துப் பிழையாகத் தட்டினாள்.

ஒரு மாலை. கூடம் காலி. நாற்காலிகளை அடுக்கிவிட்டுக் காவலாளி வாசலுக்குப் போயிருந்தார். அவன் தன் மேஜையைத் துடைத்துப் பையை எடுத்தான்.

"என் வேலை முடிஞ்சுது. நாளைக்கு வர மாட்டேன்."

"ஓ..." பட்டாசு என்று பெயர் வாங்கியவளின் குரல் நமத்துப்போயிருந்தது. "அப்போ... போயிட்டு வர்றேன்னுகூடச் சொல்ல மாட்டீங்களா?"

"அப்படிச் சொல்ல எனக்கு என்ன முகம் இருக்கு? உங்க வாயால அப்படி ஒரு பொய்யச் சொல்ல வெச்சதே நான் எழுதினதுதானே. உங்கள நிமிர்ந்து பார்க்கவே கூசுது..."

"எனக்கு மட்டும் கூசலையா? உங்கம்மா முறை வந்தப்போகூட எனக்கு அவங்க கண்ணப் பார்த்துப் பேச முடியல." அவள் அவனுக்கு எதிரே வந்து நின்றாள். "தப்பு பண்ணிட்டு நல்லாத் தூங்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. உங்களுக்கு உறைச்சுது. எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னீங்க. அன்னிக்கு உங்க வீட்டுப் படியில இறங்கிப் போனேனே... அப்பவே திரும்பி வந்திருக்கணும். ரோஷம்... காலப் பிடிச்சு இழுத்துடுச்சு."

அவன் மெல்ல நிமிர்ந்தான். கண்கள் கலங்கியிருந்தன. இந்த முறை பார்வை விலகவில்லை.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு... வேலை போயி இங்க கூப்பிட்ட அன்னிக்குக்கூட, நாளைக்கு உங்க பக்கத்துல உக்காரப் போறேன்னுதான் மனசுல ஓடுச்சு. அதுக்கும் வெக்கப்பட்டேன்."

அவள் சிரித்தாள். அழுதாள். எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கும்தான்..." என்றாள், அவன் கையைப் பிடித்துக்கொண்டு. "இதுக்கு மட்டும் நாம வெக்கப்பட வேணாம்."